தாயகம் என்ற சொல்லில் தாய் எங்கே?

கும்பகோணத்தில் நாலு வாசகர்கள் கூடினால் பேச்சு எப்படியும் யமுனாவிடம் வந்து நிற்கும். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் வெளியூர்க்காரர்கள் துக்காம்பாளையத் தெருவில் நின்றுகொண்டு அவள் வீடு எதுவாக இருந்திருக்கும் என்று கேட்கிறார்கள். அவள் அழகு, பாபுவின் மோகம், ரங்கண்ணாவின் சங்கீதம், கடைசியில் அவள் கேட்கிற கேள்வி எல்லாம் பேசப்படும். அவள் யாருடைய மகள் என்பது மட்டும் கதைச்சுருக்கத்தில் ஒரு வரியாகப் போய்விடும்.

அவளுடைய அம்மா தஞ்சை மராட்டியப் பெண். அப்பா தமிழ்ப் பிராமணர். அந்த உறவை ஊர் முறையான திருமணமாக ஏற்பதில்லை. அதனால்தான் யமுனாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள். மராட்டியர்களுக்கு அவள் முழுசாக மராட்டியப் பெண் இல்லை. பிராமணர்களுக்குப் பிராமணப் பெண் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் அம்மா உண்டு. ஆனால் அப்பா வழி அறுந்த இடத்தில்தான் அம்மா யார் என்று ஊர் விசாரிக்கிறது. விசாரித்துத் தெரிந்ததும் அதையே ஒரு குறையாக அவள்மேல் எழுதிவிடுகிறது.

இந்தக் கட்டுரை மோகமுள்ளைப் பற்றியது அல்ல. காவிரிப் படுகையிலிருந்தும் அதைச் சுற்றியிருந்த மாவட்டங்களிலிருந்தும் கடல் தாண்டித் தோட்டங்களுக்குப் போன பெண்களைப் பற்றியது. காலனி ஆட்சி முடிந்தபோது ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் சூட்டப்பட்டு அனுப்பப்பட்ட அவர்களுடைய மகள்களையும் பேத்திகளையும் பற்றியது. யமுனாவிடம் ஊர் போட்ட கணக்கைத்தான் அவர்களிடம் அரசுகள் போட்டன. அந்தக் கணக்கை நம் இலக்கியமும் பெரும்பாலும் திருத்தாமல் விட்டுவிட்டது என்பது என் வாதம்.

வந்தவர்களின் ஊர்

கும்பகோணமே வெளியிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஊர். நாயக்கர் ஆட்சியோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டியர் வந்தார்கள். பட்டுத்தறியோடு சௌராஷ்டிரர் வந்தார்கள். எம். வி. வெங்கட்ராம் இந்த ஊரின் எழுத்தாளர் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது அவர் வீட்டில் பேசிய மொழி சௌராஷ்டிரம் என்பது அந்தப் பெருமைக்கு இடைஞ்சல் ஆவதில்லை. ஆகவும் கூடாது. அவர்களில் யாரிடமும் “உன் அப்பாவும் தாத்தாவும் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டு வா” என்று யாரும் கேட்டதில்லை. ஆட்சியோடும் வேதத்தோடும் கைத்தொழிலோடும் வந்தவர்கள் மூன்று தலைமுறையில் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள்.

இப்படி வந்து குடியேறிய மராட்டிய வம்சத்தின் முடிவிலேயே தந்தைவழிக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1855இல் தஞ்சாவூர் மன்னர் சிவாஜி இறந்தார். மகள்கள் இருந்தும், ஆண் வாரிசு இல்லை என்ற காரணத்தால் கிழக்கிந்தியக் கம்பெனி அரசை முடித்துவைத்து, அரச குடும்பத்தின் சொத்துகளையும் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சி பாய் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார். மதராஸ் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1859இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அது ஓர் அரசின் செயல், அதை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு இது. அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது என்பதற்காகப் படிக்கிறார்கள். மகளை வாரிசாகக் கம்பெனி ஏற்கவில்லை என்பதற்காக யாரும் படிப்பதில்லை. அங்கே செல்லுபடியானது தந்தைவழிக் கணக்குதான். காலனி ஆட்சி போன பிறகும் அந்தக் கணக்கு அப்படியே இருந்தது.

கப்பலேறியவர்கள்

நெற்களஞ்சியம் என்ற பெயரை நாம் விடாமல் சொல்கிறோம். அந்தக் களஞ்சியத்தை நிரப்பிய பண்ணையாள்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். அடிமை முறையைச் சட்டம் 1843இல் கைவிட்டது. கடன் வழியாக அது தொடர்ந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் கீழத்தஞ்சையின் பேச்சு வழக்கில் இன்னும் உயிரோடிருக்கிற சொற்கள். கங்காணி வந்து ‘பினாங்கு’ என்றோ ‘கண்டிச் சீமை’ என்றோ சொன்னபோது கிளம்பியவர்கள் பஞ்சத்துக்கு மட்டும் பயந்து கிளம்பவில்லை. பண்ணையிலிருந்து வெளியேற அது ஒரு வாசல். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனார்கள். மண்டபம் வழியாக இலங்கை போனார்கள்.

பெண்கள் போனது தற்செயல் அல்ல. கரும்புத் தோட்டக் குடியேற்ற நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும்போது 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்று காலனி அரசு விதி வைத்தது. இலங்கைக்குக் குடும்பத்தோடு கூட்டிப்போவதே கங்காணி முறையின் வழக்கம். கொழுந்து பறிக்கப் பெண் கை வேண்டும். அடுத்த தலைமுறைக் கூலியைப் பெறவும் பெண் வேண்டும். குடும்பத்தின் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறும். அந்தத் துண்டு ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்குக் கைமாறும்போது குடும்பமும் கைமாறும். 1921 வரை அது நீடித்தது. அவள் பறித்த கொழுந்தின் கூலியைப் பல தோட்டங்களில் புருஷன்தான் போய் வாங்கினான். இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி வந்தது 1984இல்.

இவர்களைக் குடியேறிகள் என்று சொல்லலாமா? காலனிய நீக்கம் பற்றிய பேச்சில் இது கனமான சொல். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களையும் கென்யாவில் வெள்ளைப் பண்ணையார்களையும் குறிக்கிற சொல். கண்டி விவசாயிகள் பயன்படுத்திய காட்டையும் மேட்டையும் 1840இன் தரிசு நிலச் சட்டம் அரசுக்குச் சொந்தமாக்கியது. அந்த நிலம் தோட்டமானது. நிலம் போன சிங்களக் குடும்பங்களின் கண்ணுக்கு முதலில் தெரிந்தவள் கொழுந்துக் கூடையைச் சுமந்த தமிழ்ப் பெண். அவர்களுடைய இழப்பு பொய் அல்ல. ஆனால் குடியேறி தன் சட்டத்தைத் தன்னோடு கொண்டு வருகிறவன். இவள் பிறர் எழுதிய சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டவள். அவளுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது, அதுவும் வேலை இருக்கும்வரை.

எல்லாத் தமிழர்களுக்கும் இந்த விலக்கைத் தந்துவிட முடியாது. பர்மாவின் ஐராவதிப் படுகையும் நம்முடையதைப் போன்ற நெல் பூமி. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. அங்கே தமிழ் மூலதனம் நிலத்தை எடுத்தது. தமிழ் உழைப்பு அந்த நிலத்தில் கூலிக்கு நின்றது. பர்மிய தேசியம் இரண்டையும் ‘காலா’ என்ற ஒரே சொல்லில் அழைத்தது. அதன் கோபத்தின் மையத்தில் நிலத்தோடு பெண்ணும் இருந்தாள். இந்தியர்களை மணக்கும் பர்மியப் பெண்களுக்காக 1939இல் தனிச் சட்டமே வந்தது. அந்தப் பெண்களின் சொத்துரிமைக்கு அது உண்மையான பாதுகாப்பு தந்தது. ஆனால் அதைச் சுற்றி எழுந்த கூச்சலில் பெண்கள் ‘நம் இனத்துப் பெண்கள்’ ஆனார்கள். நிலம் போன மாதிரி பெண்ணும் போகிறாள் என்ற புலம்பல் ஆனார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, தொழில்களை நாட்டுடைமையாக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். அடகுக்கடை முதலாளியும் படகுத்துறைக் கூலியின் மனைவியும் ஒரே பட்டியலில் ‘பர்மா அகதி’ ஆனார்கள்.

ஒரு சட்டத்தை வாசித்தல்

பெண்ணிய விமர்சனம் கதைகளை மட்டும் வாசித்தால் போதாது என்று நினைக்கிறேன். சட்டமும் ஒரு பிரதிதான். அதிலும் பாத்திரங்கள் உண்டு, சொல்லாமல் விட்டவையும் உண்டு.

1948இல் இலங்கை விடுதலை பெற்ற சில மாதங்களில் வந்த குடியுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகன் ஆக, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பிறக்கிற குழந்தைக்கு, தந்தை குடிமகனாக இருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள், எத்தனை தலைமுறையாக அந்த மலையில் இருக்கிறாள் என்பது எங்கும் கேட்கப்படவில்லை. ஒரே ஓர் இடத்தில் தாய் வருகிறாள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையானால், ‘தந்தை’ என்பதைத் ‘தாய்’ என்று வாசித்துக்கொள்ளலாம். யமுனாவின் அம்மாவை ஊர் கண்டுகொண்ட அதே இடம்.

இந்தச் சட்டம் தோட்டத் தமிழர்களை வெளியேற்றுவதற்கென்றே வரைந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இனம் பற்றி எழுதியவர்கள் ‘தந்தை’ என்ற சொல்லை ஒரு தொழில்நுட்ப விவரமாகக் கடந்துபோனார்கள். அது விவரம் இல்லை. சட்டம் வேலை செய்த விதமே அதுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். தாய்வீடு கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தால், கர்ப்பிணி கடல் தாண்டி வந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினாள். அந்தப் பிள்ளை அங்கேயே வளர்ந்து, உழைத்து, அங்கேயே பிள்ளை பெற்றால், அடுத்த தலைமுறையின் ‘தந்தை’ இந்தியாவில் பிறந்தவன். ஒரு பெண் தன் அம்மாவிடம் போய்ப் பிள்ளை பெற்றது பேரப்பிள்ளையின் குடியுரிமையை அறுத்துவிடும். பெண்களுக்குள் இருந்த ஒரே ஒரு ஆறுதலைத் தந்தைவழிச் சட்டம் குற்றச்சாட்டாக்கியது.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை தருவதாகச் சொன்னது. அதற்குத் திருமணமானவர் 7 ஆண்டும், திருமணமாகாதவரும் கைம்பெண்ணும் மணவிலக்குப் பெற்றவரும் 10 ஆண்டும் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். புருஷன் இறந்தால் அவளுடைய நாட்டுப்பற்றுக்கு மூன்று ஆண்டு கூடுதல் சான்று வேண்டும் என்று பொருள். திருமணமானவன் தான் இருந்ததைக் காட்டினால் மட்டும் போதாது. மனைவியும் இடைவிடாமல் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அவள் தாய்வீட்டில் எத்தனை நாள் தங்கினாள் என்பது விசாரணைக்கு வந்தது. 1931 முதல் வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்று பேர்பெற்ற நாடு அது. 1947 தேர்தலில் வாக்களித்த தோட்டத்துப் பெண், 1949 திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் இல்லை.

இந்தியாவின் கை சுத்தம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நம் அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்குப் பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டிகளில் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருந்தால் போதும் என்றது. அம்மாவும் பாட்டியும் அதில் இடம்பெற்றார்கள். ஐந்தே ஆண்டில் வந்த 1955 குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை இந்தியராக இருக்க வேண்டும் என்று பழைய கணக்குக்கே போய்விட்டது. அது மாற 1992 ஆனது. இலங்கையில் தாய்க்குச் சம உரிமை 2003இல் வந்தது. மலேசியாவில், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாய் குடியுரிமை தரலாம் என்ற அரசியல் சட்டத் திருத்தம் 2024 அக்டோபரில்தான் நாடாளுமன்றக் கீழவையில் நிறைவேறியது. கொடி மாறி ஒரு தலைமுறைக்கு மேல் மூன்று நாடுகளும் அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

இயற்கைப் பெருக்கம்

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் எண்கள் பலருக்கு மனப்பாடம். நாடற்றவர் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் உலகின் முதல் பெண் பிரதமர். பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்ததால் கணக்கு மாறிவிடாது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. இந்த எண்ணிக்கையோடு அவர்களுடைய ‘இயற்கைப் பெருக்கமும்’ சேரும். அந்த ஆவணத்தில் தோட்டத்துப் பெண்கள் தென்படுகிற இடம் இதுதான். அவர்களுடைய கர்ப்பமும் பிரசவமும், லயத்து அறையில் கொழுந்துப் பறிப்புக்கு நடுவே வளர்த்த பிள்ளைகளும் ஒரு கூட்டல் குறியாக அங்கே நிற்கின்றன. குடியுரிமை கேட்கும்போது தாய் இல்லை. தலை எண்ணும்போது அவள் வயிறு இருக்கிறது. இப்படி எண்ணி அனுப்பியவர்களுக்குத் தமிழில் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பெரும்பாலோர் இங்கே பிறக்காதவர்கள். திரும்புவதற்கு எதுவும் இல்லாதவர்கள். அந்தச் சொல்லில் இருக்கிற தாய் யாருடைய தாயும் இல்லை.

இலக்கியத்தின் கணக்கு

கடல் தாண்டிய பெண்ணைத் தமிழ் இலக்கியம் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பாரதி ஃபிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினார். ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சி நடந்த காலத்தில் அந்தப் பாட்டுக்கு அரசியல் வேலை இருந்தது. அந்தக் கிளர்ச்சி முழுக்கவே பெண்ணின் மானத்தை முன்னிறுத்தியது. கூலி முறை நின்றதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த மொழியில் பெண் அழுகிறாள், தேசம் வெட்கப்படுகிறது. அவள் வெட்டிய கரும்பு எவ்வளவு, அவள் கேட்ட கூலி என்ன என்பது அதில் இல்லை.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதியவற்றில் இன்றும் முதலில் சொல்ல வேண்டிய கதை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான மருதி தோட்டத்துக்குப் போக நேர்வதற்கு ஊரின் பண்ணை அதிகாரமே காரணம் என்பதை அவர் விட்டுவிடவில்லை. துன்பத்தின் ஊற்று இந்தக் கரையிலும் இருக்கிறது என்று சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். என் சண்டை வேறு. தோட்டத்தின் அக்கிரமத்துக்கு மருதியின் உடம்பு சான்றாகிறது. அவள்மேல் நடக்கும் பாலியல் சுரண்டல், அவளுக்கு வரும் நோய் இரண்டும் அந்த அக்கிரமத்தை நமக்குக் காட்டுகின்றன. அவள் அதைக் காண்கிறாளா? பக்கத்து லயத்துப் பெண்ணிடம் என்ன பேசினாள்? கொழுந்தை நிறுக்கிறவன் எடையில் ஏமாற்றினால் என்ன செய்தாள்? கேணி என்ற உருவகமே விழுந்தவள் ஏறி வர முடியாத இடம். அதற்குள் சக பெண் என்று ஒருத்தி இருக்க இடமில்லை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் நூலானது. தென்கிழக்காசியத் தமிழ் வாழ்வைப் பற்றி அதைவிட அகலமான நாவல் நமக்கு இல்லை. அது வட்டிக்கடைப் பையன்களின், படைக்குப் போன இளைஞர்களின் உலகம். பாண்டியன் அலைகிறான், பெண்கள் கடந்துபோகிறார்கள், அல்லது நினைவில் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த ஆண் உலகின் தனிமையையும் வீம்பையும் சிங்காரம் கிண்டலோடுதான் பார்க்கிறார் என்பதால் நாவல் தப்பிக்கிறது. ஆனால் ‘தமிழன் கடல் தாண்டிய கதை’ என்று அதை நாம் வகுப்பில் வைக்கும்போது, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெண்கள் அந்தத் தலைப்பிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். நாவல் செய்யாத தவறை நம் வாசிப்பு செய்கிறது.

கும்பகோணத்து எழுத்தில்? கு.ப.ரா.வும் தி.ஜா.வும் பெண் மனத்தை எழுதிய அளவுக்குத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. அவர்களுடைய பெண்கள் காவிரிக்குக் குளிக்கப் போகிறார்கள், ரயிலேறிச் சென்னை போகிறார்கள். வாய்க்கால் தாண்டினால் சேரி. அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கிளம்பிய பெண் அந்தக் கதைகளின் வாசலில்கூட நின்றதில்லை. தனித்தனியாக எந்த எழுத்தாளரையும் இதற்காகக் குற்றம் சொல்வது பயனற்றது. தஞ்சை எழுத்து என்று நாம் கொண்டாடுவதை அக்கிரகாரத்தின் திண்ணையிலிருந்து பார்த்த தஞ்சை என்று ஒருமுறை சரியாகப் பெயரிட்டால் போதும்.

மீனாட்சியம்மாள்

இந்தப் படுகையிலிருந்து போய், கடலுக்கு அந்தப் பக்கம் நின்று தானே எழுதி, தானே பாடியவர் ஒருவர் இருந்தார். கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையைப் பார்த்தவர், 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சங்கம் கண்டவர் என்று மலையக வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பத்திரிகை வேலையில் பங்கெடுத்தார். தொழிலாளர் கூட்டங்களில் தன் பாட்டுகளைப் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று 1940இல் அந்தப் பாட்டுகள் சிறுநூலாக வந்தன. முந்தின ஆண்டுதான் இலங்கை அரசு இந்திய நாட்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியிருந்தது; இந்தியா தொழிலாளர்கள் அங்கே போவதைத் தடுத்திருந்தது.

அவரை ஒரு வீராங்கனையாக்கி மாலை போடுவது எளிது. அதைவிட அவரை வாசிப்பது நல்லது. அவர் கொழுந்து பறித்தவர் இல்லை. பிராமணப் பெண், மேடையில் நின்றவர். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு, தெரிந்த மெட்டில் பாடினால் செய்தி லயம்வரை போகும் என்று அறிந்திருந்தவர். மருதியின் கதையில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: பேசுகிற பெண் வாயும் அதைக் கேட்கிற பெண் காதும். துன்பம் இங்கே தெரியப்படுத்த வேண்டிய ‘நிலைமை’ ஆகிறது. சங்கத்தில் பேசப்படுகிற சொல் அது.

அந்தத் தலைப்பின் முதல் சொல்லையும் பார்க்க வேண்டும். ‘இந்தியர்களது’. 1940இல் அது உரிமை கேட்கும் சொல். பின்னால் ஒரு பெரிய நாடு நிற்கிறது என்ற தைரியம் அதில் இருந்தது. எட்டே ஆண்டில் அதே சொல் குற்றப்பத்திரிகை ஆனது: நீயே சொன்னாய் நீ இந்தியன் என்று, அப்படியானால் போ. மீனாட்சியம்மாளின் தவறு என்று இதைச் சொல்லவில்லை. பிறந்த மண்ணின் பெயரால் உரிமை கேட்டால் அந்த உரிமையை மண்ணோடு சேர்த்துத் திருப்பி அனுப்பலாம் என்ற பாடம் அதில் இருக்கிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, தாங்கள் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தவர்கள் தங்களை ‘மலையக மக்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். தாங்கள் வந்த வழியை நினைத்து நடந்தார்கள். பெயரை வாழ்கிற மலையிலிருந்து எடுத்தார்கள்.

திரும்பி வந்த ஊர்

அனுப்பப்பட்டவர்கள் எங்கே வந்தார்கள்? மண்டபத்துக்கும் திருச்சி கொட்டப்பட்டுக்கும். அங்கிருந்து பலர் நீலகிரிக்கு. அவர்களுக்கு வேலை தர 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. நுவரெலியாவில் பறித்த கை கூடலூரில் பறித்தது. தாயகத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரி’. மலாயாவில் 1969 மே கலவரத்தை ஒட்டிக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டக் குடும்பங்கள் பல்லாயிரம் பேராக ஊர் திரும்பின.

தஞ்சைக்கு வந்தவர்களை எந்தத் தாயகம் வரவேற்றிருக்கும்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூடுதல் கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். எந்த ஊரிலிருந்து தப்ப ஒரு பாட்டி கப்பலேறினாளோ அந்த ஊர்ப்பக்கம் பேத்தியை அனுப்பியது ஒப்பந்தம். இந்த இரண்டு வரலாறுகளையும் நாம் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறோம்: ஒன்று சாதி, நிலம், மற்றது புலம்பெயர்வு. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அவை ஒரே வரலாறு.

இது பழைய கதை என்று மூடிவைக்கவும் முடியாது. தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பது மட்டும் போதாது; மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. உள்ளூர்ப் பெண் முகாம் இளைஞனைக் கட்டிக்கொண்டால், அவள் குடியுரிமை அவள் பிள்ளைக்குப் போய்ச் சேராது. உள்ளூர் ஆணை மணந்த முகாம் பெண்ணின் பிள்ளைக்கும் அதே நிலை. ‘தந்தை’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். யாரை மணந்தாய் என்ற விசாரணையை வைத்துக்கொண்டார்கள். 2019இல் அண்டை நாடுகளிலிருந்து துன்பப்பட்டு வந்தவர்களுக்கென்று திருத்தம் செய்தபோது அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

விமர்சகராக என்னால் சட்டத்தைத் திருத்த முடியாது. பாடத்திட்டத்தையும் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலையும் பற்றிப் பேச முடியும். கும்பகோணத்தில் அடுத்த முறை யமுனாவைப் பற்றிப் பேசும்போது அவள் அம்மாவிடமிருந்து தொடங்குவோம். துன்பக்கேணிக்குப் பக்கத்தில் மீனாட்சியம்மாளின் பாட்டை வைத்து வாசிப்போம். சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் திரட்டிய மலையக நாட்டார் பாடல்களில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது. பாடிய பெண்களின் பெயர் எங்கே என்று கேட்போம். கீழத்தஞ்சைக் கிராமங்களில் ‘பினாங்குக்காரி வீடு’, ‘சிலோன் ஆயா’ என்று பட்டப்பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிற பெண்களின் ஒப்பாரிகளையும் நடவுப் பாட்டுகளையும், அவற்றை அறிந்த மகள்கள் இருக்கும்போதே, பாடியவரின் பெயரோடு எழுதிவைப்போம்.

அந்த மகள்களிடம் போகும்போது அப்பா பெயர் என்ன, தாத்தா எந்த ஊர் என்று தொடங்க வேண்டாம். அதை மூன்று அரசுகள் கேட்டு முடித்துவிட்டன. அம்மா எங்கே பிறந்தார், அவருடைய அம்மா யாரோடு கப்பலேறினார், தலைப்பிரசவத்துக்கு எந்த வீட்டுக்கு வந்தார் என்று கேட்போம்.